எவர்சில்வருக்கு ஏது நிறம்?

எண்ணெய் வண்ணத்தில் எவர்சில்வரைத் தீட்டுவது தனி வித்தை. அதற்கென்று நிறம் கிடையாது. சன்னல், சுவர், பக்கத்துத் தக்காளி என்று சுற்றியிருப்பதைத்தான் வளைத்து நெளித்துத் தீட்ட வேண்டும். எண்ணெய் மெதுவாகக் காய்வதால் சாம்பலும் நீலமும் ஈரத்திலேயே இழையும். கடைசியாகக் கெட்டியான ஒரு வெள்ளைத் தீற்றல் விழுந்ததும், தட்டினால் ‘ணங்’ என்னும் போலிருக்கும். தீட்டும் பொருள் குறியீடாவதும் உண்டு: 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் பீட்டர் கிளாஸ் மண்டையோட்டை வைத்து நிலையாமையைச் சொன்னார். பீகாரில் பிறந்த சுபோத் குப்தாவோ எவர்சில்வர் பாத்திரங்களையே கேன்வாஸில் ஏற்றினார். இவ்வளவு மலிவான பொருள் குறியீடாகுமா என்று கேட்கலாம். கிளாஸ் தீட்டிய ரொட்டியும் மீனும் மட்டும் என்னவாம்? சென்னை அருகே, ஆலைகள் நிறைந்த ஒரகடத்தில் ஷிப்டு பஸ்ஸுக்கு நிற்பவரின் சாப்பாட்டு டப்பாவில் அடுப்படியும் ஆலை நேரமும் சேர்ந்தே இருக்கின்றன. மூடியின் நசுங்கல் அதன் உழைப்பைச் சொல்லிவிடும். நமக்கு மண்டையோட்டைவிட அந்த டப்பாதான் பொருத்தமான குறியீடு.