சிங்கம் வாழாத நாட்டின் சிங்கங்கள்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் திருச்சுற்றில் நடப்பவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சிங்கம் எதிரே நிற்கும். பின்னங்கால்களை ஊன்றி எழுந்து, வாய் பிளந்து, சுருள் சுருளான பிடரியோடு தூணைத் தாங்கும் சிங்கம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவனுக்காக இவற்றைச் செதுக்கிய சிற்பிகள் உயிருள்ள சிங்கத்தைக் கண்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆசியச் சிங்கத்தின் வாழிடம் மேற்காசியாவில் தொடங்கி, ஈரான், சிந்து வழியாக இன்றைய பீகார், ஜார்க்கண்ட் வரை நீண்டிருந்தது. தெற்கே ஏறத்தாழ நர்மதையோடு நின்றுவிட்டது. நம்முடைய காடுகள் புலியின் காடுகள். சோழர் கொடியில் புலி இருப்பதற்கு விளக்கம் தேவையில்லை. பல்லவர் தூணில் சிங்கம் இருப்பதற்குத்தான் தேவை.

சிங்கம் குறியீடாகப் பரவிய வரலாற்றைத் தொடர்ந்து பார்க்கையில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இது: அதன் அருகே வாழ்ந்தவர்கள் அதன் உடலைப் பதிவு செய்தார்கள், அதைக் காணாதவர்களே அதற்கு மிகுதியான பொருள்களைத் தந்தார்கள்.

உடலைப் பதிவு செய்ததற்கு நினிவே நகரத்துப் புடைப்புச் சிற்பங்களைவிடச் சிறந்த சான்று இல்லை. அசிரியப் பேரரசன் அஷுர்பனிபாலின் அரண்மனைக்காகக் கி.மு. 645-க்கும் 635-க்கும் இடையில் செதுக்கப்பட்ட சிங்க வேட்டைக் காட்சிகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காட்டில் நிகழ்ந்த வேட்டை அன்று அது. பிடித்து வைத்த சிங்கத்தைக் கூண்டிலிருந்து ஒருவன் திறந்துவிடுகிறான். அரசன் தேரிலிருந்து அம்பெய்கிறான். சிங்கத்தைக் கொல்லும் உரிமை அரசனுக்கே உரியது என்று ஊருக்குக் காட்டும் சடங்கு. ஆனால் அந்தச் சிற்பி, அரசனின் முகத்தில் எந்த உணர்ச்சியையும் வைக்காமல், தன் திறமை முழுவதையும் சாகும் விலங்குக்குக் கொடுத்துவிட்டான். முதுகில் அம்புகள் தைத்த பெண்சிங்கம் ஒன்று, செயலிழந்த பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு முன்னங்கால்களால் எழ முயல்கிறது. அரசனைப் புகழச் செய்த கலையில் நம் மனம் முழுவதும் சிங்கத்தின் பக்கம் போய்விடுகிறது. சிங்கம் விழுவதை அருகில் நின்று பார்த்த கண்ணால் மட்டுமே இதைச் செய்ய முடியும்.

அசோகரின் சாரநாத் தூணில் சிங்கம் வேறு பணிக்கு வருகிறது. புத்தர் சாக்கிய குலத்துச் சிங்கம். அவருடைய உரை சிம்மநாதம். முதுகோடு முதுகு சேர்த்து நான்கு திசையும் நோக்கும் அந்தச் சிங்கங்கள் எதையும் வேட்டையாடவில்லை, எதையும் காக்கவில்லை. அறத்தை நாற்றிசைக்கும் ஒலிக்கின்றன. அவற்றின் மேல் ஒரு பெரிய சக்கரமும் இருந்தது; அதன் உடைந்த துண்டுகள் 1904-05 அகழாய்வில் சிங்கங்களோடு கிடைத்தன. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று இந்தச் சிற்பம் குடியரசின் சின்னமானபோது மேல் சக்கரம் சேர்க்கப்படவில்லை. 2022-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் உச்சியில் வெண்கலச் சின்னம் நிறுவப்பட்டதும், அதன் சிங்கங்கள் பல்லைக் காட்டிச் சீறுகின்றன என்று எழுந்த விவாதத்தைச் சிலர் அற்பமாகக் கருதினார்கள். நான் அப்படிக் கருதவில்லை. அளவையும் பார்க்கும் கோணத்தையும் காரணம் காட்டிய விளக்கங்களுக்குப் பிறகும், ஓர் அரசு தன்னை எந்த முகத்தோடு காட்டிக்கொள்ள விரும்புகிறது என்ற கேள்வி நியாயமானது.

தமிழ் நிலத்துக்குச் சிங்கம் வந்த வழியை மாமல்லபுரத்தில் கண்ணால் பார்க்கலாம். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் கொற்றவைக்கு ஊர்தி கலைமான். பாலை நிலத்து எயினரின் தெய்வத்துக்கு அந்த நிலத்தில் ஓடும் விலங்கே துணை. வராக மண்டபத்துக் கொற்றவைச் சிற்பத்தில் மானும் உண்டு, சிங்கமும் உண்டு. பழைய தெய்வமும் வடக்கிலிருந்து வந்த துர்க்கையும் ஒரே பாறையில் சேர்ந்திருக்கிறார்கள். மகிஷாசுரமர்த்தினி குகைக்குப் போனால் மானைக் காணோம். எட்டுக் கைகளோடு வில்லேந்திச் சிங்கத்தின்மேல் பாய்ந்து வருகிறாள் தேவி. எருமைத் தலையன் பின்வாங்குகிறான். அந்தச் சிங்கத்தின் உடற்கூறு சரியா என்று கேட்கவே தோன்றாது. அதன் வேகம் தேவியின் வேகம். அரச குடும்பமும் இதற்குள் சிம்மவிஷ்ணு, நரசிம்மவர்மன், இராசசிம்மன் என்று பெயரிலேயே சிங்கத்தை ஏற்றுக்கொண்டிருந்தது. பிறகு நாயக்கர் காலத்து மண்டபங்களில் அது துதிக்கையும் கோரைப்பல்லும் முளைத்த யாளியாக வளர்ந்ததைத் தனியாகவே எழுத வேண்டும்.

நரசிம்மருக்கு வருவோம். கம்பர், வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை யுத்த காண்டத்தில் வைத்து, அதை வீடணன் இராவணனுக்குச் சொல்லும் எச்சரிக்கையாக ஆக்கினார். அங்கே தூணிலிருந்து முதலில் கேட்பது சிரிப்பு. தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியையொட்டி நடக்கும் பாகவத மேளாவில் ‘பிரகலாத சரித்திரம்’ தெலுங்கில் விடிய விடிய ஆடப்படுகிறது. நரசிம்ம முகம் பூசைக்குரியது. அதை அணிபவர் விரதம் இருந்து அணிகிறார். ஆவேசம் வந்து இரணியனாக நடிப்பவர்மேல் பாயும்போது பிடித்துக்கொள்ள ஆட்கள் நிற்கிறார்கள். கலைக்கும் வழிபாட்டுக்கும் இடையில் கோடு போட முடியாத இடம் அது. இதே கதையைப் பாரதிதாசன் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ நாடகத்தில் 1934-இல் தலைகீழாகத் திருப்பினார். அங்கே இரணியனே நாயகன். அந்தச் சிங்கம் யாருக்காகப் பாய்கிறது என்று கேட்க ஒரு காலம் வந்துவிட்டது. மெலட்டூரின் பக்தியும் பாரதிதாசனின் கோபமும் ஒரே கதையை இத்தனை தீவிரமாக எடுத்துக்கொண்டன என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இலங்கையில் வரலாற்றுக் காலத்தில் சிங்கம் வாழ்ந்ததில்லை. மிகப் பழைய புதைபடிவங்கள் மட்டும் கிடைத்துள்ளன. ஆயினும் அங்கே ஓர் இனத்தின் பிறப்புக் கதையே சிங்கத்திலிருந்து தொடங்குகிறது. மகாவம்சம் சொல்லும் கதையில், வங்க நாட்டு இளவரசிக்கும் சிங்கத்துக்கும் பிறந்த சிங்கபாகு, தாயையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு குகையை விட்டுப் போகிறான். பிள்ளைகளைத் தேடி ஊர்களுக்குள் புகும் சிங்கத்தைக் கொல்ல அவனே வில்லெடுக்கிறான். மகன்மேல் கொண்ட அன்பு நெஞ்சில் இருக்கும்வரை அம்பு சிங்கத்தின்மேல் பட்டுத் திரும்புகிறது; சினம் எழுந்த கணத்தில்தான் தைக்கிறது. உலகச் சிங்கக் கதைகளில் இதற்கு இணையான சோகத்தை நான் படித்ததில்லை. எதிரிவீர சரச்சந்திர 1961-இல் மேடையேற்றிய ‘சிங்கபாகு’ நாடகம் இந்தத் தந்தை–மகன் துயரத்தைத்தான் பற்றிக்கொண்டது, குலப்பெருமையை அல்ல.

கொடியிலோ பெருமை மட்டும் எஞ்சியது. 1948-இல் ஏற்கப்பட்ட சிங்கக் கொடி, கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடியிலிருந்து எடுக்கப்பட்டது. அவன் தென்னாட்டு நாயக்கர் வழியினன். ஆங்கிலேயர் அவனை 1815-இல் பிடித்து, வேலூர்க் கோட்டையில் சிறை வைத்தார்கள். 1832-இல் அங்கேயே இறந்தான். அவன் நினைவிடம் பாலாற்றங்கரையில் இருக்கிறது. 1951-இல் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்குமாகக் கொடியில் இரண்டு பட்டைகள் சேர்ந்தன. வாளேந்திய சிங்கம் அந்தப் பட்டைகளை நோக்கியே நிற்கிறது என்பதைத் தமிழர் பலரால் மறக்க முடிந்ததில்லை.

சீனத்து வாசல்களில் பந்தை மிதிக்கும் ஆண்சிங்கமும் குட்டியை அணைக்கும் பெண்சிங்கமும், சிங்கப்பூரில் 1972-இல் எழுந்த மீன்வால் சிங்கமும் இதே வரிசைதான். அங்கெல்லாம் காட்டில் சிங்கம் இல்லை.

திரைப்படத்துக்குச் சிங்கம் முதலில் ஒரு குரலாக வந்தது. எம்.ஜி.எம். நிறுவனத்தின் கர்ஜனை 1928-லிருந்து திரையரங்குகளில் கேட்கிறது. ஒசாமு தெசுகா 1950-இல் வரையத் தொடங்கிய வெள்ளைச் சிங்கக் கதையும், டிஸ்னியின் ‘தி லயன் கிங்’ (1994) படமும் அரசுரிமைக் கதைகள். நம் திரையில் ஹரியின் ‘சிங்கம்’ (2010) காவல்துறைச் சீருடைக்குள் நரசிம்ம ஆவேசத்தைப் புகுத்தியது. அதைவிட முக்கியமானது ‘சிவாஜி’ (2007) படத்தில் ரஜினிகாந்த் பேசும் வசனம். கூட்டமாக வருபவை பன்றிகள், சிங்கம் தனியாகத்தான் வரும் என்பது அதன் பொருள். தமிழகம் முழுவதும் பழமொழிபோல் பரவிவிட்ட அந்த வசனம் உயிரியலுக்கு நேர் எதிரானது. பெரிய பூனைகளில் கூட்டமாக வாழ்வது சிங்கம் ஒன்றுதான். தனியாகத் திரிவது புலி. நம் காட்டில் நாம் அறிந்த விலங்கின் தனிமையை, அறியாத விலங்குக்கு மாட்டிவிட்டோம்.

குறியீடு உயிருள்ள சிங்கத்தின் வாழ்வையும் தொட்டுவிடுகிறது. ஆசியச் சிங்கங்கள் இன்று குஜராத்தில் மட்டுமே காட்டில் வாழ்கின்றன. 2025 கணக்கெடுப்பில் 891. ஒரே இடத்தில் அனைத்தும் இருந்தால் ஒரு நோயே போதும் என்று வல்லுநர்கள் நெடுங்காலமாக எச்சரித்தார்கள். மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்குச் சிலவற்றை மாற்ற உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டது. சிங்கம் குஜராத்தின் பெருமிதம் என்ற உணர்வு குறுக்கே நின்றது. 2018-இல் கிர் காட்டின் கிழக்குப் பகுதியில் நாய்களிடமிருந்து பரவும் டிஸ்டெம்பர் வைரஸ் தாக்கி, சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. 2022-இல் குனோவுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கிப்புலிகள் வந்து இறங்கின. கிர் சிங்கம் ஒன்றுகூட இன்னும் அங்கே அனுப்பப்படவில்லை.