மறைந்தவர் குரலும் மலையகப் பாட்டும்

பூதவுடம்பு அழிந்த பின்னும் புகழுடம்பு நிற்கும் என்பது தமிழர் கொள்கை. இசைவாணர் திறத்தில் பூதவுடம்பின் ஒரு கூறாகிய குரலே இசைத்தட்டில் எஞ்சிவிடுகின்றது. ஆதலின் அவர்தம் மறைவுக்குப் பிந்திய புகழ் தனித்து ஆராயத்தக்கது.

ஜிம் ரீவ்ஸ் இதற்கு ஏற்ற சான்றாவார். அமெரிக்காவின் தெக்ஸாஸ் மாநிலத்தில் 1923இல் பிறந்த இக்கிராமிய இசைப் பாடகர், 1964 யூலை 31இல் தாமே செலுத்திய சிறு விமானம் நாஷ்வில் நகருக்கு அணித்தாக வீழ்ந்து நொறுங்க உயிர் நீத்தார். ஈராண்டின் பின், 1966 செப்டம்பரில், 'டிஸ்ரன்ற் டிரம்ஸ்' என்னும் அவர் பாடல் பிரித்தானிய இசைத்தட்டு விற்பனை வரிசையில் முதலிடம் எய்தி, ஐந்து வாரம் அங்கு நிலைத்தது. பீற்றில்ஸ் முதலாய இளைஞர் குழுக்கள் கோலோச்சிய காலம் அது.

இவ்வெற்றியை வெறும் இரக்கத்தின் விளைவென ஒதுக்குதல் பொருந்தாது. இரக்கம் விரைவில் ஆறும். ஈராண்டு கழிந்தும் கேட்போரை ஈர்ப்பது கலையே. தொடக்கத்தில் உரத்துப் பாடிய ரீவ்ஸ், 1957இல் வந்த 'போர் வோல்ஸ்' பாடல் முதலாக ஒலிவாங்கியை உதடு தொடுமளவு நெருங்கி, தாழ்ந்த குரலிற் பாடலானார். ஒருவர் செவியில் மட்டும் பேசுவது போன்ற அக்குரலுக்கு மேடையும் வேண்டா. பாடுவோர் முகமும் வேண்டா. பிறிதொரு காரணமும் உண்டு. அப்பாடல், அதனை இயற்றிய சிண்டி வாக்கரின் பயன்பாட்டுக்கென மாதிரியாகப் பதிந்து வைக்கப்பட்டதே. வாத்திய இசை பின்னர்ச் சேர்க்கப்பட்டது. சேர்த்த இசை ஆடை போன்றது. உயிர் குரலிலேயே உள்ளது. எனினும் குரலைப் பேணிக் காத்தோர் இலராயின் அவ்வுயிர் வெளிப்பட்டிராது.

முரசொலி கேட்டுப் பிரிவை அஞ்சும் காதலனின் பாட்டு அது. மலையகத் தோட்டங்களிலும் விடியுமுன் தப்பொலி எழுந்து தொழிலாளரைப் பிரட்டுக் களத்துக்கு அழைத்ததுண்டு. அம்மக்களும் தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, காமன் கூத்துப் பாட்டு என வாழ்வின் ஒவ்வொரு நிலையையும் பாடினர். ஆயின் அவரைச் சூழ்ந்த நிலை வேறு. ரீவ்ஸ் மறைந்த அதே 1964இன் அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியரென வகுக்கப்பட்டனர். தலைமன்னாரில் மக்கள் கப்பலேறியபோது, அவர் நெஞ்சிலிருந்த பாட்டுகளும் உடன் கப்பலேறின.

எஞ்சியவற்றைக் காத்தோர் சிலரே. கணவர் கோ. நடேசய்யருடன் தோட்டந்தோறும் சென்று பாடிய மீனாட்சியம்மையின் பாடல்கள் இன்று அச்சு வழியே அறியப்படுகின்றன. தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வெளிவந்தது. மறு ஆண்டே அவர் மறைந்தார். அத்தொகுப்பு அரிய தொண்டு என்பதில் ஐயமில்லை. எனினும் ஏட்டில் நிற்பது சொல்லே. ஒப்பாரியின் விம்மலும் தாலாட்டின் இழைவும் ஏட்டில் அடங்கா.

நாட்டார் பாடல் யாவர்க்கும் பொது, ஆதலின் பாடியவர் பெயர் வேண்டா என்பர் சிலர். பாட்டு பொதுவாகலாம், பாடும் குரல் பொதுவன்று. ஒரு தாய் இழுத்துப் பாடும் அடியை மற்றொருத்தி வெட்டிப் பாடுவாள். அவ்வேறுபாட்டிலேயே கலை உளது. ரீவ்ஸின் வரலாறு உணர்த்துவதும் அதுவே. அட்டனிலும் நுவரெலியாவிலும் பயிலும் மாணவர், தம் பாட்டிமார் பாட்டை ஒலிப்பதிவு செய்து, பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் உடன் குறித்து வைப்பாராயின், அம்முதியோரும் தம் காலத்தின் பின் கேட்கப்படுவர். இன்று அதற்கு வேண்டிய கருவி கைக்குள்ளேயே உண்டு. பாடுவோர் நெடுநாள் இரார்.