கல்நிழலும் மரநிழலும்

காலை எட்டரை மணிக்குத் திருவேற்காடு வேதபுரீஸ்வரர் கோயில் பக்கம் போனால் தெருவில் இரண்டு நிழல்கள் விழுந்திருக்கும். ஒன்று மதிலுடையது, மற்றது வேப்பமரத்துடையது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே கருமை. அகச்சிவப்புக் கதிரைப் பார்க்கும் கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு அப்படி இல்லை. இந்த ஒரு வித்தியாசம் பிடிபடும்வரை நான் கழுவிய சுருள்களில் பாதி வீணாய்ப் போயின.

இலையின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உண்டுவிட்டு அகச்சிவப்பைத் தொடாமல் விடுகிறது. இலைக்குள் காற்றும் அறைகளுமாக இருக்கும் திசு அந்தக் கதிரைச் சிதறடிக்கிறது. ஒரு பங்கு மேலே திரும்பி வருவதால்தான் படத்தில் மரம் வெள்ளையாகிறது. இன்னொரு பெரும் பங்கு இலையை ஊடுருவிக் கீழே இறங்குகிறது. அதனால் மரத்தடி நிழல் உண்மையில் நிழலே அல்ல, நமக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் நிரம்பிய இடம். மதில் நிழலின் கதை வேறு. அங்கே வந்து சேர்வது நீல வானத்தின் சிதறல் ஒளி மட்டும். காற்று குறுகிய அலைகளையே அதிகம் சிதறடிக்கும் என்பதால் அந்த ஒளியில் அகச்சிவப்பு சொற்பம். கல்நிழல் பிலிமில் வற்றிய கிணறாகிவிடும்.

கறுத்த வானம், வெளுத்த மரம் என்பதோடு நின்றுவிடும் அகச்சிவப்புப் படங்கள் முதல் முறை மலைக்க வைக்கும், பத்தாம் முறை அலுக்கும். என் ரசனையில் நல்ல படம் என்பது வெள்ளை இலைக்குள் நரம்பும், கல்நிழலுக்குள் உளித் தடமும் ஒருசேரத் தெரிவது. இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட் 1910-ல் அகச்சிவப்பு நிலக்காட்சிகளை வெளியிட்டார். இலை வெளுப்பதை இன்றும் 'வுட் விளைவு' என்றே சொல்கிறோம். 1964-ல் வந்த 'நான் கியூபா' படத்தில் ஒளிப்பதிவாளர் செர்கெய் உருசெவ்ஸ்கி பனைகளையும் கரும்புக் காட்டையும் வெண்சாமரமாக்கிக் காட்டினார். நம் நாட்டில் 1970 வாக்கில் விஞ்ஞானி பி. ஆர். பிஷாரோட்டி கேரளத் தென்னையின் வாடல் நோயைக் கண்டறிய ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு வண்ணப் பிலிமில் படமெடுத்தார். இந்தியத் தொலையுணர்வுத் துறை அங்கேதான் கண் திறந்தது.

900 நானோமீட்டர் வரை பார்த்த கோடாக்கின் எச்ஐஇ பிலிம் 2007-ல் நிறுத்தப்பட்டது. அதன் பின்புறத்தில் ஒளி திரும்பாமல் தடுக்கும் பூச்சு கிடையாது. அதனால் வெளிச்சமான விளிம்புகள் எல்லாம் ஒளிவட்டம் பூண்டு நிற்கும். அந்த அழகு எனக்கு இன்னும் ஏக்கம்தான். இப்போது கிடைப்பவற்றில் ரோலை இன்ஃப்ராரெட் 400 ஏறக்குறைய 820 வரையும், இல்ஃபோர்ட் எஸ்எஃப்எக்ஸ் 740 வரையும் பார்க்கும். நான் முன்னதைப் பயன்படுத்துகிறேன். அதன் பாலியெஸ்டர் அடித்தளம் ஒளிக்குழாய் போல வெளிச்சத்தை உள்ளே கடத்திவிடும். ஆகவே வெயிலில் நின்று சுருள் மாற்றக் கூடாது. டப்பாவிலிருந்து எடுப்பதே அரையிருட்டில்தான்.

லென்ஸின் முன் 720 நானோமீட்டர் ஃபில்டர். அது கண்ணுக்குக் கிட்டத்தட்ட கறுப்புக் கண்ணாடி. எனவே முதலில் காட்சியை அமைத்து, ஃபோகஸ் செய்து, வளையத்தை லென்ஸில் உள்ள சிவப்புக் குறிக்கு நகர்த்திவிட்டு, பிறகே ஃபில்டரைத் திருக வேண்டும். அகச்சிவப்பு சற்றுத் தள்ளிக் குவியும் என்பதற்காகப் போட்ட குறி அது. லைட் மீட்டரை இங்கே நம்ப முடியாது, அது அளக்கும் ஒளி வேறு. டப்பாவில் பிலிமின் வேகம் 400 என்றிருந்தாலும் ஃபில்டரோடு 12 என்று வைத்துக்கொள்வார்கள். நான் 6 என்றே கொள்கிறேன். நல்ல வெயிலில் எஃப் 11, எட்டில் ஒரு நொடி. பிறகு நான்கில் ஒரு நொடிக்கு ஒரு படம், அரை நொடிக்கு ஒன்று. இந்தத் தாராளம் முழுவதும் கல்நிழலுக்காக. உச்சி வெயிலைத் தவிர்த்து, மெல்லிய மேகம் சூரியனை மூடும் நேரத்துக்குக் காத்திருந்தால் இன்னும் நல்லது.

தாராளமாக ஒளி கொடுத்தால் இலை எரிந்துபோகாதா? போகும். அதைக் காப்பாற்றுவது கழுவும் இடத்தில். டி-76 டெவலப்பரில் சம அளவு தண்ணீர் கலந்து, வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கிறேன். அதைவிட முக்கியம் கை ஓய்ந்திருப்பது. முதல் அரை நிமிடம் டேங்கை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திய பின், மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை போதும். அசையாத நேரத்தில், ஒளி மிகுந்த இலைப் பகுதியை ஒட்டிய மருந்து சீக்கிரம் தீர்ந்து களைத்துவிடும். நிழல் பகுதியிலோ செலவு குறைவு, மருந்து தெம்போடு வேலையைத் தொடரும். பணக்காரன் வீட்டில் பண்டம் தீர்ந்துபோக, ஏழை வீட்டு அடுப்பு நிதானமாக எரிவது மாதிரி. டேங்கின் இருட்டுக்குள் நடக்கும் இந்தச் சமநீதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

சித்திரை மாதம் குழாயைத் திறந்தால் தண்ணீர் 30 டிகிரிக்குக் குறையாது. அந்தச் சூட்டில் கழுவும் நேரம் சுருங்கிவிடும், ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தால் பிலிமில் திட்டுத்திட்டாக விழும், ஜெலட்டினும் ஊதிக்கொள்ளும். பாலிதீன் பையில் ஐஸ் கட்டிகளை முடிந்து பக்கெட்டில் போட்டு 22 டிகிரியில் நிறுத்துகிறேன். ஃபிக்சரும் கடைசிக் கழுவு நீரும் அதே குளிர்ச்சியில் இருக்க வேண்டும்.

இந்த ஊருக்கு இந்தப் பிலிம் பொருந்துவதுபோல வேறெங்கும் பொருந்தி நான் பார்த்ததில்லை. வேல மரங்கள் அடர்ந்த காடு என்றே வேற்காட்டுக்குப் பெயர்க்காரணம் சொல்வார்கள். வேதபுரீஸ்வரரின் தலமரம் வெள்வேலம். அதன் பொடி இலைகள் படத்தில் புகையாக எழும்பும். கூவம் கன்னங்கரேலென்று வரும். அதில் ஆற்றின் இன்றைய அழுக்குக்குப் பங்கில்லை, எவ்வளவு தெளிந்த நீரும் அகச்சிவப்பில் கறுப்புதான். ஆடியில் கருமாரியம்மனுக்கு வேப்பிலை ஏந்தி வருகிறவர்களின் மஞ்சளும் சிவப்புமான ஆடைகள் இலையோடு சேர்ந்து வெளுக்கின்றன. தோலின் கறுப்பு, மாநிறம், சிவப்பு என்ற பேதமும் பெரிதும் கரைந்து எல்லோர் மேனியும் ஒரே நிலவொளி பெறுகிறது.

மதில் நிழலில் பூக்கட்டும் அம்மா ஒருவரை அவர் அனுமதியோடு எடுத்திருந்தேன். கான்ட்ராஸ்ட் குறைந்த தாளில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "என்னப்பா இது, ஆடியில போயி வேம்பு இப்படிப் பூத்திருக்கு?" என்றார். பூவில்லை, இலைதான் என்றேன். நம்பவில்லை. பிறகு படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிழலுக்குள் தேடினார். வேகத்தில் கலங்கிப்போயிருந்த தன் விரல்களையும், கலங்காமல் இருந்த கூடையின் பின்னலையும், அதற்குப் பின்னால் மதில் கல்லில் ஓடிய விரிசலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.