மூன்று கால் புல்லரை முதலில் வாங்காதீர்கள்

கிராங்க் புல்லியைக் கழற்ற ஒரு புல்லர் வேண்டும் என்றால், தாம்பரத்து டூல்ஸ் கடைகளில் சட்டென்று எடுத்து வைப்பது மூன்று கால் புல்லர். பேரிங், கியர் இழுக்க நல்ல கருவிதான். கார் இன்ஜினின் கிராங்க் புல்லிக்கு மட்டும் வேண்டாம்.

இன்றைய கார்களில் அந்தப் புல்லி பெரும்பாலும் ஒரே இரும்புத் துண்டு அல்ல. நடுவில் ஹப், வெளியே பெல்ட் ஓடும் வளையம், இரண்டுக்கும் நடுவே அதிர்வை வாங்கிக்கொள்ள ரப்பர். மூன்று காலும் வளையத்தைப் பிடித்து இழுக்கும், ஹப் அசையாது, ரப்பர் பிய்யும். மாட்டி ஓட்டினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு வளையம் ஆட ஆரம்பித்து பெல்ட்டைத் தின்னும்.

ஹப்பில் மரை போட்ட துளைகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால், ஸ்டியரிங் கழற்றப் பயன்படும் தட்டுப் புல்லரே போதும். போல்ட்டுகள் ஹப்பையே பிடித்து இழுப்பதால் ரப்பருக்குச் சேதமில்லை. நான் பயன்படுத்திய மலிவு செட்டில் இரும்பு தேவலை, கூட வந்த போல்ட்டுகள்தான் மட்டம். 10.9 என்று தலையில் பொறித்த போல்ட்டுகளைத் தனியாக வாங்கிக்கொண்டேன். நடுத்திருகின் முனை கிராங்கின் மரைக்குள் இறங்காதபடி இடையில் ஒரு இரும்புக் குட்டி வைக்க வேண்டும். அந்த மரை போனால் செலவு எங்கேயோ போய்விடும்.

ஆனால் புல்லரே தேவைப்படாத வண்டிகள் நிறைய. நடு போல்ட் வந்துவிட்டால் புல்லியும் கையோடு வரும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் என்றால் துரு பிடித்து ஒட்டியிருக்கலாம். மற்றபடி சண்டையெல்லாம் அந்தப் போல்ட்டோடுதான். அதைத் திருப்பினால் இன்ஜினும் கூடவே சுற்றும். எனவே காசு போட வேண்டியது புல்லியைப் பிடித்து நிறுத்தும் கருவியில்.

டாப் கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை மிதிக்கும் பழைய வழி பாதி வண்டிகளில் பலிக்கும். செயின் ரென்ச் நன்றாகப் பிடிக்கும், ஆனால் பெல்ட் பள்ளத்தைக் கடித்துவிடும். அடியில் பழைய பெல்ட் துண்டு ஒன்றைச் சுற்றுங்கள். 1998 முதல் இங்கே ஓடும் முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி போன்ற வண்டிகளுக்குப் புல்லியின் அறுகோணக் குழியில் உட்காரும் 50 மி.மீ. ஹோல்டர் கிடைக்கிறது. அதற்கு ஈடு எதுவும் இல்லை. நீளக் கைப்பிடியைத் தரையில் ஊன்றி ஸ்டார்ட்டரைத் தட்டும் வித்தையை இந்த இன்ஜினில் காட்டாதீர்கள். இது எதிர்த்திசையில் சுற்றுவது. போல்ட் இன்னும் இறுகும்.

ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் வரும் மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு வண்டிகளுக்குத்தான் அதிக எச்சரிக்கை. 2021-இல் நிறுவனம் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு பலர் பேட்டை மெக்கானிக்குகளிடமே போகிறார்கள். 2013-இல் வந்த எகோஸ்போர்ட்டின் 1.5 பெட்ரோல் இன்ஜினில் கிராங்கில் கீ கிடையாது. புல்லியும் டைமிங் பல்சக்கரமும் போல்ட்டின் இறுக்கத்தில் மட்டுமே நிற்கின்றன. போல்ட்டைத் தளர்த்திய நொடியே டைமிங் போய்விடும். வால்வு பிஸ்டனில் இடிக்கும் வாய்ப்பும் உண்டு. ஆகவே கேம் தகடும் கிராங்க் பின்னும் கொண்ட டைமிங் கிட் இல்லாமல் தொடவே கூடாது. அந்தப் பின் நிலையைக் காட்டுவதற்கு மட்டும். அதையே பூட்டாக நம்பி போல்ட்டைத் திருப்பினால் பின் வளையும், பிளாக்கும் கெடலாம்.

பேட்டரி இம்பாக்ட் கன் இருந்தால் பல வண்டிகளில் ஹோல்டரே வேண்டாம், அடியின் வேகத்திலேயே போல்ட் விட்டுக்கொடுக்கும். நீள எக்ஸ்டென்ஷன் போட்டால் வலு குறையும். குரோம் சாக்கெட் உடையும், கறுப்பு இம்பாக்ட் சாக்கெட் போடுங்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய புல்லர் வாங்குகிறவர்கள் நடுத்திருகைக் கடைசிவரை கையால் சுற்றிப் பார்த்து வாங்கலாம். பழைய சாக்கெட் மட்டும் வேண்டாம். வாய் அகன்ற சாக்கெட் போல்ட் தலையை உருட்டிவிடும்.

திரும்ப இறுக்க கன்னைத் தொடாதீர்கள், டார்க் ரென்ச்தான். ஃபோர்டுக்குப் புது போல்ட். முதலில் டார்க், பிறகு கோண அளவு.