பாயிரம் இல்லாத கதைகள்

2023 டிசம்பரில் ஹாரி பிரூயிஸ் என்ற பிரிட்டிஷ்காரர் ஹெச்பாம்பர்கை என்னும் தன் யூடியூப் சேனலில் 'பிளேஜியரிசம் அண்ட் யூ(டியூப்)' என்றொரு காணொளியை வெளியிட்டார். நான்கு மணி நேரத்துக்குச் சில நிமிடங்களே குறைவு. யூடியூபர்கள் பிறர் எழுத்தைத் திருடிச் சம்பாதிப்பது பற்றியது. வெளிவந்த நாட்களில் அதை ஒரு வம்புச் செய்தியாகவே பலரும் பேசினார்கள். யார் மாட்டினார், யார் மன்னிப்புக் கேட்டார் என்று. எனக்கு அது ஒரு விமர்சன நூலாகப் பட்டது. பாடபேதம் பார்க்கிற பழைய பதிப்பாசிரியரின் பொறுமை அதில் இருக்கிறது. திரையின் ஒரு பாதியில் எவரோ எழுதிய பத்தி. மறுபாதியில் யூடியூபர் ஒருவர் அதே பத்தியை, அந்தக் கணத்தில் தனக்குத் தோன்றியதுபோலப் புருவம் உயர்த்திச் சொல்கிறார். ஒரு சொல் மாறியிருக்கும், ஒரு உவமை நகர்ந்திருக்கும். ஏன் இந்தச் சொல்லை மட்டும் மாற்றினார் என்று பிரூயிஸ் கேட்கிறார். அந்தக் கேள்வியில் திருட்டின் மனவியலே வெளிப்பட்டுவிடுகிறது. தெரியாமல் எடுத்தவர் சொல்லை மாற்ற மாட்டார்.

அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் என்னை நிறுத்தியது குகைக் கதைதான். 1925 ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஃபிளாய்ட் காலின்ஸ் என்பவர் ஒரு குகையின் குறுகிய சந்தில் காலில் பாறை விழுந்து சிக்கிக்கொண்டார். இரண்டு வாரங்களுக்கு மேல் முயன்றும் உயிரோடு மீட்க முடியவில்லை. அப்போது உள்ளூர்ப் பத்திரிகையின் செய்தியாளர் வில்லியம் மில்லர், ஒல்லியான உடம்பு என்பதால் அந்தச் சந்துக்குள் பலமுறை ஊர்ந்து சென்று, சிக்கியவருக்கு உணவு கொடுத்து, அவரிடமே பேசி எழுதினார். 1926-இல் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பல பத்தாண்டுகள் கழித்து லூகஸ் ரைலி என்பவர் 'மென்டல் ஃபிளாஸ்' இதழில் அந்தச் சம்பவத்தை நீண்ட கட்டுரையாக எழுதினார். அதற்கும் பிறகு 'இன்டர்நெட் ஹிஸ்டோரியன்' என்ற பெரிய சேனல் அதே கதையை அசைவூட்டப் படங்களோடு காணொளியாக்கியது. ரைலியின் வரிகளும் அவர் கதையைத் தொடங்கி, நிறுத்தி, திருப்பிய விதமும் அதில் அப்படியே இருப்பதைப் பிரூயிஸ் வரிசையாகக் காட்டுகிறார். காப்புரிமைப் புகாரால் அந்தக் காணொளி ஒருமுறை நீக்கப்பட்டு, மாற்றங்களோடு திரும்பவும் ஏறியது.

காலின்ஸின் சாவு யாருடைய சொத்தும் அல்ல. மில்லருக்கும் அதில் உரிமை இல்லை, ரைலிக்கும் இல்லை. நடந்ததை யாரும் சொல்லலாம். ஆனால் எந்த இடத்தில் வாசகனைக் குகைக்குள் விட்டுவிட்டு வெளியே இருக்கும் கூட்டத்தைக் காட்டுவது, எந்த விவரத்தைக் கடைசிவரை மறைப்பது என்று ஒருவர் மேசையில் உட்கார்ந்து பல நாள் யோசித்திருக்கிறார். அந்தக் கோர்வைதான் எழுத்து. 'தகவல்தானே, எல்லாருக்கும் பொது' என்று வாதிடுகிறவர்கள் எடுத்துக்கொண்டது தகவலை அல்ல, கோர்வையை.

காணொளியின் பெரும்பகுதி ஜேம்ஸ் சோமர்ட்டன் என்ற கனடியரைப் பற்றியது. ஒருபால் உறவினரின் சினிமா வரலாறு பற்றிப் பேசி, சந்தாவும் விளம்பரமுமாகச் சம்பாதித்தவர். அவர் சொன்னவற்றில் பெரும்பகுதி வேறு எழுத்தாளர்களுடையது என்று பிரூயிஸ் நிறுவுகிறார். அவர்களில் ஒருவர் 'தி செல்லுலாயிட் குளோசெட்' நூலை 1981-இல் எழுதிய வீட்டோ ரூஸோ. 1990-இல் எய்ட்ஸால் இறந்தவர். எங்கள் வரலாற்றை அழித்துவிட்டார்கள் என்று கேமரா முன் குமுறுகிற ஒருவர், அந்த வரலாற்றை எழுதிவைத்தவர்களின் பெயர்களை அழித்துக்கொண்டிருக்கிறார். இதைவிடக் கூர்மையான நகைமுரணைப் புனைகதையில் எழுதினால் செயற்கை என்பார்கள். தன் காணொளியில் வரும் பணத்தைத் திருட்டுக்கு உள்ளான எழுத்தாளர்களுக்குப் பகிர்வதாகப் பிரூயிஸ் அறிவித்தார். சோமர்ட்டனின் காணொளிகள் பின்னர் யூடியூபிலிருந்து மறைந்தன.

பிரூயிஸும் மணிக்கணக்கில் பிறருடைய காட்சிகளைப் பயன்படுத்துகிறாரே என்று கேட்கலாம். 2017-இல் நியூயார்க் நீதிமன்றம் ஹோசைன்சாதே - கிளைன் வழக்கில் இதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறது: காட்சியை நிறுத்தி, கேலி செய்து, விமர்சித்தால் அது நியாயமான பயன்பாடு. ஆனால் எல்லா எதிர்வினைக் காணொளிகளும் அப்படியல்ல. சில வெறுமனே கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒப்பானவை என்றும் அதே தீர்ப்பு பிரித்துக் காட்டியது. அடுத்தவர் படைப்பைப் பற்றிப் பேசுவது வேறு, அதற்குப் பதிலாகத் தன்னை வைத்துவிடுவது வேறு.

இவ்வளவு நல்ல காணொளியில் எனக்கொரு குறை உண்டு. அது திருடர்களைப் பிடிக்கிறது, கல்லாவைத் திறந்து பார்ப்பதில்லை. நான்கு மணி நேரம் முடிந்ததும் பார்வையாளருக்குக் கோபிக்க ஒரு முகம் கிடைத்துவிடுகிறது. அந்த முகம் விலகிய பிறகும் ஏற்பாடு அப்படியே இருக்கிறது. நான் கணினித் துறையில் ஆலோசகன், தரவுகளை ஒப்பிட்டுப் பொருத்தும் வேலைகளில் பல ஆண்டுகளாக இருப்பவன். அதனால் இந்தக் கல்லாப்பெட்டியின் உட்புறத்தைக் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது.

யூடியூப் 2007-இல் கன்டென்ட் ஐடி என்ற பொறியைக் கொண்டுவந்தது. பாட்டு நிறுவனமோ திரைப்பட நிறுவனமோ தன் படைப்பின் மூலத்தைக் கொடுத்தால், அதன் ஒலியிலிருந்தும் காட்சியிலிருந்தும் பொறி ஒரு கைரேகை எடுத்து வைத்துக்கொள்ளும். யார் எதை ஏற்றினாலும் அந்தக் கைரேகைகளோடு ஒப்பிடும். பொருந்தினால் உரிமையாளருக்கு மூன்று வழிகள்: தடுக்கலாம், சும்மா கண்காணிக்கலாம், அல்லது காணொளியை அப்படியே விட்டுவிட்டு அதன் விளம்பரப் பணத்தைத் தன் கணக்குக்குத் திருப்பிக்கொள்ளலாம். இந்த மூன்றாவது வழி சாதாரணமானதல்ல. ரசிகருக்கும் நட்டமில்லை, உரிமையாளருக்கும் நட்டமில்லை.

உரைநடைக்கு இந்தக் கைரேகை கிடையாது. ஒரு சிறுகதையை நான் என் குரலில் வாசித்தால் அந்த ஒலி உலகில் இதுவரை இல்லாத ஒலி. பொறியின் கணக்கில் அது என் சொந்தப் படைப்பு. உயிரோடிருக்கும் எழுத்தாளரின் முப்பது பக்கக் கதையை முழுதாக வாசித்து ஏற்றலாம், ஒன்றும் நடக்காது. பின்னணியில் உருக்கத்துக்காக ஓர் இளையராஜா இசைத்துணுக்கைச் சேர்த்திருந்தால் பொறி பிடித்துக்கொள்ளும். அந்தக் கதை ஈட்டும் பணம் இசை நிறுவனத்துக்குப் போனாலும் போகும், எழுதியவருக்குப் போகாது. கன்டென்ட் ஐடி, பெரிய அளவில் உரிமைகளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கானது. தனி எழுத்தாளருக்கு இருப்பது ஒரு புகார்ப் படிவம். அதில் கேட்க முடிவது ஒன்றுதான்: நீக்கு. பங்கு கேட்க அதில் கட்டமே இல்லை. ஒன்று அழிக்க வேண்டும், இல்லை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இது தமிழ்க் கதை சேனல்களை நேராகத் தொடுகிற விஷயம். அவற்றின் மீது எனக்குப் பகையில்லை. டொராண்டோவின் 401 நெடுஞ்சாலையில் தினமும் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்துகொண்டிருக்கும் தமிழரில் எத்தனையோ பேருக்கு இலக்கியம் இன்று காதுவழியேதான் வருகிறது. அனுமதி கேட்டு, எழுத்தாளர் பெயரைச் சொல்லித் தொடங்கி, புத்தகம் கிடைக்கும் இடத்தையும் சொல்லி முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட கல்கியை வாசிக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அனுமதி கேட்காமல் பெயரை மட்டும் சொல்கிறவர்களும், அந்தப் பெயரையும் விழுங்கிவிட்டு 'இன்னைக்கு ஒரு கதை சொல்லப்போறேன்' என்று தொடங்குகிறவர்களும் உண்டு. கடைசி வகைதான் சோமர்ட்டனின் உறவு. இப்போது வாசிக்கும் குரலுக்கும் ஆள் தேவைப்படுவதில்லை.

கதை சொல்வது நம் மரபு, கதாகாலட்சேபத்திலும் வில்லுப்பாட்டிலும் யார் காப்புரிமை கேட்டார்கள் என்று ஒரு வாதம் வரும். நம் மரபைப் பற்றி அதன் வாரிசுகளைப் போலப் பேசுகிறவர்கள் அந்த மரபின் சட்டத்தைப் படித்ததில்லை. ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று நன்னூல் எட்டு செய்திகளைப் பட்டியலிடுகிறது. முதலாவது, செய்தவர் பெயர். இரண்டாவது, வழி, அதாவது இந்த நூல் எதிலிருந்து வந்தது என்பது. நூலின் பெயரே நான்காவதாகத்தான் வருகிறது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்து, வழிநூல் செய்வதில் இழிவில்லை என்று ஏற்றுக்கொண்ட மரபு அது. வழியை மறைப்பதைத்தான் அது ஏற்கவில்லை. காலட்சேபக்காரர் கம்பனைப் பாடும்போது கம்பன் என்று சொல்லித்தான் பாடினார். அவருக்கு அது பெருமை. காணொளியின் கீழே இருக்கும் விவரக் குறிப்பு இன்றைய பாயிரம். நம் கதைக் காணொளிகள் பலவற்றின் கீழே சமூக ஊடக இணைப்புகளும் பணம் அனுப்பும் எண்ணும் மைக் வாங்கும் சுட்டியும் இருக்கின்றன. செய்தவர் பெயரும் வழியும் இருப்பதில்லை.

(குரலுக்கு இருக்கும் சந்தை மதிப்பு தமிழுக்குப் புதிதல்ல. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஒரு வியாபாரியிடமிருந்து ஏ.வி.மெய்யப்பனிடம் போய், 1949-இல் அரசு பெற்றுக்கொண்ட கதையை ஆ.இரா.வேங்கடாசலபதி ஒரு முழு நூலாகவே எழுதியிருக்கிறார். அச்சுரிமையைவிட ஒலியுரிமைதான் காசு என்பதை அந்த வியாபாரி நமக்கெல்லாம் முன்பே புரிந்துகொண்டார்.)

பணம் எவ்வளவு என்று கேட்டால், பெரும்பாலான கதை சேனல்களுக்கு மிகக் குறைவாகத்தான் இருக்கும். நீளக் காணொளிகளின் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு சேனலுக்கு, மீதி யூடியூபுக்கு. ஆனால் விளம்பர விலை எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. கனடாவிலோ அமெரிக்காவிலோ ஒருவர் கதை கேட்பது, மதுரையில் ஒருவர் கேட்பதைவிடச் சேனலுக்கு அதிகம் ஈட்டித்தரும். தமிழ்க் கதை சேனல்களின் கல்லாவில் நம் காதுகளுக்குத் தனி எடை இருக்கிறது. இந்த இதழை வாசிக்கிறவர்களிடம் இதைச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

எனக்குப் பழக்கமான எழுத்தாளர் ஒருவர் தென் மாவட்டத்துச் சிற்றூரில் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியர். இரண்டு தொகுப்புகள் போட்டவர். முதல் தொகுப்பின் பிரதிகள் இன்னும் அவர் வீட்டுப் பரணில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவருடைய கதை ஒன்றை ஒரு சேனல் பெயர் சொல்லாமல் வாசித்திருந்தது. ஸ்கார்பரோவில் இருக்கும் அவர் உறவினர் வாட்ஸாப்பில் அனுப்பித்தான் அவருக்கே தெரிந்தது. நல்ல வாசிப்பு, அதையும் சொல்ல வேண்டும். கதையில் வரும் கிழவியின் பேச்சை அந்த இளைஞர் அற்புதமாகச் சொல்லியிருந்தார். கீழே ஏறக்குறைய எண்பது பின்னூட்டங்கள். தன் அம்மாவை நினைத்து அழுததாக ஒரு பெண் எழுதியிருந்தார். 'அண்ணா, எப்படி அண்ணா இப்படியெல்லாம் எழுதுறீங்க' என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு அந்த அண்ணா ஓர் இதயக் குறி போட்டிருந்தார்.

நான் அவரைத் தொலைபேசியில் அழைத்து, புகார்ப் படிவத்தை நானே நிரப்பித் தருகிறேன் சார், இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடுவார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எடுத்துட்டா இந்த எண்பது பேரும் எங்க தம்பி போவாங்க? முப்பது வருஷமா எழுதுறேன், ஒரு கதைக்கு எனக்கு எண்பது பேரு பேசினதில்ல."

அவரிடம் மறுத்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. நீக்கு என்பதைத் தவிர வேறு பொத்தான் இல்லாத படிவத்தை நான் எத்தனை வேகமாக நிரப்பினாலும், இழப்பது அவராகத்தான் இருந்திருக்கும். பாட்டு நிறுவனத்துக்கு இருக்கிற மூன்றாவது வழி அவருக்கும் இருந்திருந்தால், அந்தக் காணொளி அப்படியே இருந்திருக்கும், அந்த இளைஞரின் குரலும் இருந்திருக்கும், மாதம் சில நூறு ரூபாய் அவர் கணக்குக்கு வந்திருக்கும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் தமிழுக்கு வந்துவிட்டது. எழுத்தை எழுத்தோடு ஒப்பிடுவது அதைவிட எளிய வேலை. நான் முதுகலை படிக்க வந்தபோதே மாணவர்களின் கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள்கள் பல்கலைக்கழகங்களில் இருந்தன. செய்ய முடியாததால் செய்யாமல் இல்லை. பாட்டு நிறுவனங்கள் வழக்குப் போடக்கூடியவை. பரணில் புத்தகக் கட்டு வைத்திருக்கிறவர் போட மாட்டார்.

கடைசியில் அவர் சேனலுக்குத் தானே ஒரு கடிதம் எழுதினார். கதையை நன்றாக வாசித்ததற்கு நன்றி, என் பெயரையும் தொகுப்பின் பெயரையும் குறிப்பிட்டால் மகிழ்வேன் என்று. பணம் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு வாரத்தில் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். விவரக் குறிப்பில், 'மேலும் காட்டு' என்பதை அழுத்தினால், மைக் வாங்கும் சுட்டிக்குக் கீழே இருக்கிறது. தொகுப்பின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை.