மிதித்த இரவுக்குப் பின்

ஜப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் ஷுசாகு எண்டோவின் ‘மௌனம்’ (1966) என்னும் புதினத்தைப் படித்தவர்கள் கூடினால், பேச்சு பெரும்பாலும் ஓர் இரவிலேயே நின்றுவிடுகிறது. பதினேழாம் நூற்றாண்டு நாகசாகி. இயேசு சபைக் குருவானவர் ரொட்ரிகஸ் சிறையில் இருக்கிறார். காவலாளியின் குறட்டை என்று அவர் எண்ணியிருந்த ஒலி, குழிகளில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட குடியானவர்களின் முனகல் என்று தெரியவருகிறது. அவர்கள் ஏற்கெனவே மறையை மறுதலித்தவர்கள்; ஆயினும் கிறிஸ்துவின் உருவம் பொறித்த தகட்டைக் குருவானவர் மிதிக்கும்வரை அவர்களுக்கு விடுதலை இல்லை. அவர் மிதிக்கிறார். தொலைவில் சேவல் கூவுகிறது.

செய்தது சரியா, தவறா? மூன்று உயிர்கள் பிழைத்தனவே என்பார் சிலர். அப்படியானால் மறைசாட்சிகள் சிந்திய குருதிக்கு என்ன பொருள் என்பார் வேறு சிலர். 1693-இல் புனித அருளானந்தர் உயிர் ஈந்த ஓரியூர் மண்ணைத் தொட்டு வணங்கும் நமக்கு இந்த இரண்டாம் கேள்வி எளிதில் அடங்காது. விளைவுகளைக் கூட்டிக் கழித்து மட்டும் ஒரு செயலின் அறத்தை முடிவு செய்ய இயலாது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1993-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் தெளிவாகவே கற்பித்தார். எனினும் முன்னரே உணர்ந்த விளைவுக்கு மனிதன் பொறுப்பாளி என்பது அக்குவினாரின் பழைய பாடம். எண்டோ இவ்வழக்கில் தீர்ப்பு எழுதவில்லை. இரவு விடிந்த பின்னும் எழுதிக்கொண்டே போனார்.

எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு. மிதிக்கும் கணத்தில் கிறிஸ்துவே அதற்கு இசைவு தருவதாக ஒரு குரல் ஒலிக்கிறது. மனச்சான்று தனியே சுமக்க வேண்டிய தேர்வை அக்குரல் பாதி பறித்துக்கொள்கிறது. இதைவிடக் கூர்மையான காட்சி புதினத்தின் முற்பகுதியிலேயே இருக்கிறது. பிணையாகச் செல்லவிருக்கும் மோக்கிச்சி, தகட்டை மிதிக்கச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்கிறான். மிதித்துவிடும்படி ரொட்ரிகஸ் பதறிச் சொல்லிவிடுகிறார். உடனிருக்கும் குரு அவரைக் கடிந்து நோக்குகிறார். சொன்னபடியே மிதித்தும் மோக்கிச்சி தப்பவில்லை; சிலுவை மீது உமிழ மனம் வராமல், கடலோரம் மரத்தில் கட்டப்பட்டு அலைகளுக்கிடையே இறக்கிறான். இரக்கத்தால் சொன்ன ஒரு சொல் யாரையும் காக்கவில்லை. சொன்னவரின் உள்ளத்தில் மட்டும் தங்கிவிட்டது.

புதினத்தின் இறுதிப் பகுதியைப் பின்னிணைப்பு என்று கருதிப் பலர் தாண்டிவிடுகிறார்கள். கிறிஸ்தவர்களைக் காவலில் வைத்திருந்த இல்லத்து அலுவலர் ஒருவரின் நாட்குறிப்பு அது. என்னைக் கேட்டால் நூலின் உயிரே அங்குதான் இருக்கிறது. ரொட்ரிகஸ் இப்போது ஒகாடா சனெமோன். இறந்துபோன ஒருவனின் பெயரும் மனைவியும் அவருக்கு அளிக்கப்பட்டுள்ளன. மறுதலிப்பை எழுத்தில் வடித்துத் தரும் வேலை வேறு. மிதித்தது ஒருமுறை, அதில் வாழ்ந்ததோ முதுமைவரை. பலமுறை காட்டிக்கொடுத்துப் பலமுறை பாவசங்கீர்த்தனம் கேட்டு வந்த கிச்சிஜிரோ அதே இல்லத்தில் ஏவலாளாக இருக்கிறான். அவன் தாயத்துப் பைக்குள் கிறிஸ்தவத் திருவுருவம் ஒன்று அகப்பட, விசாரணை தொடங்குகிறது. எழுதுபவர் வியக்கவுமில்லை, இரங்கவுமில்லை.

மார்ட்டின் ஸ்கோர்செசியின் 2016-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், எரியூட்டப்படும் சனெமோனின் கைக்குள் சிறு மரச்சிலுவை ஒன்று தெரியும். பார்ப்பவர் நெஞ்சு ஆறும். எண்டோவின் நாட்குறிப்பில் அச்சிலுவை இல்லை. சடலம் எரிக்கப்பட்ட செய்தியும், இறந்தவருக்குப் பௌத்த முறைப்படி சூட்டிய பெயருமே இருக்கின்றன.