சான் ஆண்ட்ரியாஸின் புகைமூட்டம்

பழைய கேம் ஒன்றைப் புது கம்ப்யூட்டரில் ஏற்றியதும் முக்கால்வாசிப் பேர் செய்கிற முதல் காரியம், செட்டிங்ஸுக்குள் போய் இருக்கிற பட்டைகளை எல்லாம் வலது கோடிக்குத் தள்ளிவிடுவது. கிராபிக்ஸ் கார்டு தாங்கும், சரி. கேம் தாங்குமா? ‘ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ்’ தாங்காது. எதைக் கூட்டலாம், எதைத் தொடாமல் விடலாம் என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல ஆட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

2004 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2-க்கும், 2005 ஜூனில் பிசிக்கும் வந்தது. நம்மூர் ப்ரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் ஓடிய ஆட்டம். அதன் நாயகன் சிஜேயையும் அவன் வசிக்கும் குரோவ் தெருவையும் ஆடியவர்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த சென்டர்களில் நமக்குக் கிடைத்தது பெரும்பாலும் எல்லாவற்றையும் குறைத்துவைத்து ஓட்டிய கோலம்தான்.

முதலில் சாலையைக் கவனியுங்கள். ஹைவேயில் வண்டியை நிறுத்திவிட்டு எதிரே பாருங்கள். பானெட்டுக்குக் கொஞ்ச தூரம் தள்ளியதுமே லேன் கோடுகள் கரைந்து, தார் முழுக்க ஒரே சாம்பல் கூழாகிவிடும். இதற்குக் கேமுக்குள் ஆப்ஷன் கிடையாது. கிராபிக்ஸ் கார்டின் கன்ட்ரோல் பேனலைத் திறந்து ‘அனிசோட்ராபிக் ஃபில்டரிங்’ என்பதை 16-இல் வைக்க வேண்டும். சாய்வாகத் தெரியும் பரப்புகளைக் கார்டு இன்னும் நுணுக்கமாகப் படித்து வரையும். திரும்பிவந்து பார்த்தால் அதே கோடுகள் வளைவு வரைக்கும் அறுபடாமல் போகும், தாரில் போட்ட ஒட்டுகூடத் தெரியும். இன்றைய கார்டுக்கு இது ஒரு வேலையே இல்லை. ஆட்டத்தின் சாயலும் மாறாது, அதிலே ஏற்கெனவே இருந்தது கண்ணுக்குப் படும், அவ்வளவுதான். நான் ஏற்கிற மாற்றம் இந்த வகை.

‘விஷுவல் எஃப்எக்ஸ்’ தரத்தையும் உச்சத்தில் வைக்கலாம். சிஜேயின் காலடியில் கிடந்த வட்டக் கறை போய், அவன் உருவத்துக்கே நிழல் விழும். ‘டிரா டிஸ்டன்ஸ்’ பட்டையையும் முழுசாகத் தள்ளலாம், தப்பில்லை. கட்டடங்களும் மரங்களும் மொண்ணை உருவத்திலிருந்து நல்ல உருவத்துக்கு மாறுவது கண்ணெதிரே நடக்காமல் தூரத்திலேயே நடந்து முடிந்துவிடும். அகலத் திரையில் ரேடார் முட்டை வடிவமாக இழுபடுவதையும், காட்சி மேலும் கீழும் வெட்டுப்படுவதையும் சரிசெய்ய ரசிகர்கள் எழுதிய சின்ன ‘வைட்ஸ்கிரீன்’ திருத்தம் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். நொடிக்கு இத்தனை ஃப்ரேம்தான் என்று கட்டுப்படுத்தும் ‘ஃப்ரேம் லிமிட்டரை’ மட்டும் எடுக்காதீர்கள். எடுத்தால் வேகம் ஏற ஏற ஆட்டத்தின் கணக்குகள் குழம்பி, சிஜே தண்ணீரில் நீந்தவே திணறுவான்.

இனி மூட்டம். இங்கேதான் பலர் கையை வைத்துக் கெடுக்கிறார்கள்.

பிளேஸ்டேஷன் 2-இல் இருந்த மெமரி 32 எம்பி. அதற்குள் மூன்று நகரங்கள், ஒரு பாலைவனம், காடு, மலை. தொலைவை மூட்டத்தில் மறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அந்த இயலாமையை வைத்தே எவ்வளவு செய்திருக்கிறார்கள்! ஆட்டம் நடப்பது 1992-இல். லாஸ் சாண்டோஸ் என்பது லாஸ் ஏஞ்சல்ஸ். அந்த ஊர் புகைமூட்டத்துக்குப் பேர்போனது. சான் ஃபியரோவாக வருகிற சான் பிரான்சிஸ்கோ பனிமூட்டத்துக்கு. பாலைவனத்தில் மணற்புயல். ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் மறைப்பு, அதனதன் நிறம்.

‘டைம்சைக்’ என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இதெல்லாம் எண்களாகக் கிடக்கிறது. நோட்பேடிலேயே திறக்கும். ஒவ்வொரு வானிலைக்கும் நாளின் 8 பொழுதுகள். ஒவ்வொரு பொழுதுக்கும் வானத்தின் உச்சி நிறம், அடிவானத்தின் நிறம், சூரியன், மேகம், தண்ணீர், மூட்டம் தொடங்கும் தூரம், பார்வை முடியும் தூரம். லாஸ் சாண்டோஸுக்கென்று புகைமூட்ட வானிலையே தனியாக உண்டு. நடுப்பகலுக்கு அடுத்த வரி நேரே மாலை 7 மணி. இடைப்பட்ட நேரத்தை ஆட்டமே இரண்டையும் கலந்து போட்டுக்கொள்ளும். ஐந்து மணிக்குக் குரோவ் தெருவில் விழுகிற அந்தத் தேன் நிறத்தை யாரும் தனியாகத் தீட்டவில்லை. இரண்டு வரி எண்களுக்கு நடுவே தானாக விளைந்தது அது.

‘எதற்கு இந்த மூட்டம்’ என்று பார்வைத் தூரத்தைப் பல மடங்கு கூட்டுகிற மாட்கள், அதாவது ரசிகர்கள் செய்த மாற்றங்கள், நிறைய உண்டு. போட்டுக்கொண்டு மவுண்ட் சிலியாட் உச்சியில் ஏறிப் பாருங்கள். மொத்த வரைபடமே பக்கத்துக்கு 6 கிலோமீட்டர்தான் என்பது பளிச்சென்று தெரியும். ஒரு மாநிலத்தையே குறுக்கே கடந்துவந்தோம் என்று இருந்த பிரமிப்பு, பொருட்காட்சியில் வைத்த மாதிரி ஊரைப் பார்ப்பதாகச் சுருங்கிவிடும். 2021-இல் அதிகாரபூர்வமாக வந்த ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ செய்ததும் இதைத்தான். ரசிகர்கள் கொதித்தார்கள். பழைய ஒளியமைப்பைப் பிசியில் ஒரு ஆப்ஷனாகத் திருப்பிக் கொடுக்க 2024 ஆனது.

ஒளியையும் பளபளப்பையும் கூட்டிக் காட்டும் ‘ஈஎன்பி’ வகை மாட்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மழையே பெய்யாத தெரு ஈரமாகப் பளபளக்கும், கார் கண்ணாடி கண்ணைக் குத்தும். ஸ்கிரீன்ஷாட்டுக்கு நன்றாக இருக்கும், அரைமணி நேரம் ஆட முடியாது. ‘ஸ்கைஜிஎஃப்எக்ஸ்’ வேறு ரகம். பிளேஸ்டேஷனில் திரை முழுக்கப் படிந்திருந்த வண்ணப்பூச்சு பிசிக்கு வரும்போது வெளிறிப்போயிருந்தது. அதை மீட்டுத் தருகிறது இது. நான் வைத்திருக்கும் ஒரே வண்ண மாட் இதுதான்.

இதையெல்லாம் செய்துவிட்டு, மாலை ஏழு மணிக்கு சாண்டா மரியா கடற்கரையில் சிஜேயை நிறுத்தி ஒருமுறை பாருங்கள். வானம் திருப்தியாக இல்லையென்றால் டைம்சைக்கில் ஒரு எண்ணை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். ஃபைலைத் தொடும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் தேவைப்படும்.